இரண்டு பட்டியல்கள்

1895-இல் பெர்லினில் ஜெர்மன் அறுவைச் சிகிச்சை மருத்துவர்களின் மாநாடு ஒன்று நடந்தது. அதில் ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து வந்த லுட்விக் ரேன் என்ற மருத்துவர் ஒரு சின்னக் கணக்கைச் சொன்னார். ஃபுக்சின் என்று ஒரு சாயம். நாம் மெஜந்தா என்கிறோமே, அந்த நிறம். அதைத் தயாரிக்கும் ஆலை ஒன்றில் 45 பேர் வேலை செய்கிறார்கள். அவர்களில் 3 பேருக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி வந்திருக்கிறது.

இதே ரேன் அடுத்த ஆண்டு, கத்திக்குத்து வாங்கிய ஓர் இளைஞனின் இதயத்தில் தையல் போட்டு அவனைப் பிழைக்க வைத்தார். இதயத்தில் கத்தி வைக்கவே மருத்துவர்கள் அஞ்சிய காலம் அது. மருத்துவ வரலாற்றில் அவர் பெயர் அதற்காகத்தான் நிற்கிறது. நியாயம்தான். ஆனால் எனக்கு அந்த 45 என்ற எண்தான் பெரிதாகத் தெரிகிறது.

ஏன் என்று சொல்கிறேன். ஒரு டாக்டரிடம் மூன்று பேர், “சிறுநீரில் ரத்தம் போகுது” என்று வருகிறார்கள். மூவருக்கும் கட்டி. மூவரும் சாய ஆலைத் தொழிலாளிகள். இதை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது. அந்த ஊரில் பாதிப் பேர் சாய ஆலைக்காரர்களாக இருந்தால், வருகிற நோயாளிகளும் சாய ஆலைக்காரர்களாகத்தான் இருப்பார்கள். “அதெல்லாம் தற்செயல் சார்” என்று முதலாளி சொன்னால் மறுக்க வழியில்லை. ஆனால் ‘45 பேரில் 3’ என்றதும் கதை மாறிவிடுகிறது. சிறுநீர்ப்பைப் புற்று அன்றைக்கு அரிதான நோய். நாற்பத்தைந்து பேர் கொண்ட ஒரு கூடத்தில் அது மூன்று முறை தற்செயலாக வராது. நோயாளிகளை எண்ணுவது எந்த டாக்டரும் செய்கிற வேலை. நோய் வராதவர்களையும் சேர்த்து எண்ண, ஆலைக்குள் எத்தனை பேர் இருந்தார்கள் என்று யாராவது சொல்ல வேண்டும்.

ரேன் இதற்கு ‘அனிலின் கட்டி’ என்று பெயர் வைத்தார். பெயர் கொஞ்சம் தப்பு. முக்கியக் குற்றவாளி அனிலின் இல்லை, அதன் சொந்தக்காரர்கள்: பீட்டா-நாப்தைலமின், பென்சிடின். இது தெளிவாக மேலும் சில பத்தாண்டுகள் ஆயின. ஆனாலும் 1921-லேயே, ஜெனீவாவில் புதிதாகத் தொடங்கியிருந்த சர்வதேசத் தொழிலாளர் அலுவலகம் ‘அனிலின் ஆலைத் தொழிலாளர்களிடையே சிறுநீர்ப்பைப் புற்று’ என்றே ஓர் அறிக்கை வெளியிட்டு, இந்த இரண்டு பொருட்களையும் பெயர் சொல்லிச் சுட்டியது. ஆண்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 1921.

*

செயற்கைச் சாயத்தின் கதை எல்லோருக்கும் ஓரளவு தெரியும். 1856-இல் லண்டனில் வில்லியம் பெர்கின் என்ற பதினெட்டு வயதுப் பையன் மலேரியாவுக்குக் கொய்னா செய்யப் போய், நிலக்கரித் தாரிலிருந்து ஊதா நிறத்தைக் கண்டுபிடித்தான். அதுவரை குப்பையாகக் கிடந்த தார், பொன் விளையும் பூமி ஆனது. தொழில் சீக்கிரமே ஜெர்மானியர் கைக்குப் போனது. 1897-இல் செயற்கை அவுரி சந்தைக்கு வந்து இந்திய அவுரி விவசாயத்தைச் சாய்த்ததும், பின்னால் சம்பாரனில் காந்தி போய் நின்றதும் இதே கதையின் கிளைகள்.

நாம் அவ்வளவாகப் பேசாத ஒரு சாயம் காங்கோ ரெட். 1884-இல் ஜெர்மனியில் உருவானது. அந்த நேரத்தில் பெர்லினில் ஆப்பிரிக்காவைப் பங்கு போடும் காங்கோ மாநாடு நடந்துகொண்டிருந்தது, பத்திரிகையெல்லாம் அதே பேச்சு. ஆகவே சாயத்துக்கு அந்தப் பெயர். சுத்தமான மார்க்கெட்டிங். பருத்தியில் சாயம் பிடிக்க அதுவரை படிகாரம் மாதிரி ஏதாவது ஒரு பிடிப்பான் வேண்டும். காங்கோ ரெட்டுக்கு அது வேண்டாம். வெந்நீரில் கரைத்துத் துணியை முக்கினால் போதும், ஒட்டிக்கொள்ளும். ஏழைகளின் துணிக்கும் நிறம் வந்தது. இந்தச் சாயத்தின் மூலக்கூற்றுக்கு நடுவில் முதுகெலும்பாக உட்கார்ந்திருந்தது பென்சிடின்.

பென்சிடினும் பீட்டா-நாப்தைலமினும் ஆலையில் வெறும் இடைப்பொருட்கள். கடைசிச் சாயத்துக்குப் போகிற வழியில் வரும் பொடிகள். தூளாக மூச்சில் போகும், தோல் வழியாகவும் போகும். கல்லீரல் அதை உடம்பிலிருந்து வெளியேற்ற வேதிமாற்றம் செய்கிறது. இதில்தான் வினை. மாற்றப்பட்ட பொருள் சிறுநீரோடு வந்து, சிறுநீர்ப்பையில் மணிக்கணக்காகத் தேங்கி, அதன் உட்சுவர் செல்களின் டிஎன்ஏவோடு ஒட்டிக்கொள்கிறது. சாயம் துணியில் ஒட்டுவது போலவே என்று எழுதத் தோன்றுகிறது, ஆனால் வேதியியல் வேறு, அதனால் வேண்டாம். ஒட்டிய அன்றைக்கு எதுவும் தெரியாது. வலிக்காது. ஆள் வேலைக்குப் போவார், கல்யாணம் செய்வார், வேலையை விட்டு வேறு ஊருக்குப் போவார். சராசரியாகப் பதினெட்டு வருடம் கழித்து ஒருநாள் காலையில் சிறுநீர் சிவப்பாகப் போகும்.

மென்பொருள்காரனாக இந்தப் பதினெட்டு வருடம் என்னைத் தொந்தரவு செய்கிறது. ஒரு ப்ரோகிராமில் பிழை இருந்தால் அது வெடிக்கும் இடமும் பிழை இருக்கும் இடமும் வேறு வேறாக இருக்கலாம், அது எங்களுக்குப் பழக்கம். லாக் ஃபைலைப் பின்னோக்கிப் படித்துப் பிடித்துவிடுவோம். லாக் இல்லையென்றால்? பிழை வெடித்ததே பதினெட்டு வருடம் கழித்து, வேறொரு ஊரில், வேறொரு கம்ப்யூட்டரில் என்றால்?

*

முதல் உலகப்போரில் ஜெர்மன் சாயம் வரத்து நின்றது. ராணுவச் சீருடைக்கே சாயம் கிடைக்காத நிலை. அமெரிக்காவும் பிரிட்டனும் அவசர அவசரமாகச் சொந்தச் சாய ஆலைகளைக் கட்டின. நியூ ஜெர்ஸியில் டெலவேர் ஆற்றங்கரையில், டீப்வாட்டர் என்ற இடத்தில் டூபாண்ட் நிறுவனம் ஆலை போட்டது. கட்டிடம் கட்டிவிடலாம், செய்முறை தெரிய வேண்டுமே. போருக்குப் பிறகு ஜெர்மன் நிறுவனம் ஒன்றின் வேதியியலாளர்களைப் பெரிய சம்பளம் பேசி ரகசியமாக வரவழைத்தார்கள். அவர்களுடைய ஆவணங்கள் நிறைந்த டிரங்குப்பெட்டி எல்லையில் பிடிபட்டது. படமாகவே எடுக்கலாம். செய்முறை கடல் தாண்டி வந்தது. ரேன் சொன்ன 45-இல் 3 என்ற கணக்கும் அச்சில்தான் இருந்தது, அதற்கு டிரங்குப்பெட்டி தேவைப்படவில்லை. அதை யாரும் தேடிப் போய் எடுத்துவரவில்லை.

1919-இல் அங்கே பீட்டா-நாப்தைலமின் உற்பத்தி தொடங்கியது. 1930-களின் தொடக்கத்தில் முதல் நோயாளிகள் வந்தார்கள்.

இந்த இடத்தில் வில்ஹெல்ம் ஹ்யூப்பர் வருகிறார். ஜெர்மனியில் பிறந்து அமெரிக்கா போன நோய்க்கூறு மருத்துவர். இந்தச் சாயங்களைச் செய்கிறவர்களுக்குச் சிறுநீர்ப்பைப் புற்று வருமே என்று டூபாண்டுக்கு எழுதிய மனிதர். டூபாண்ட் 1930-களின் நடுவில் தொடங்கிய ஆய்வுக்கூடத்தில் அவரையே வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். அவர் செய்த முக்கியமான காரியம், எலியை விட்டுவிட்டு நாயைத் தேர்ந்தெடுத்தது. அதுவரை நாற்பது வருடமாகப் பலரும் எலிக்கும் முயலுக்கும் இந்தப் பொருளைக் கொடுத்துப் பார்த்தார்கள், சிறுநீர்ப்பையில் திருத்தமாக எதுவும் வரவில்லை. ‘விலங்குக்கு வரவில்லையே’ என்பது முதலாளிகளுக்கு நல்ல கேடயமாக இருந்தது. இந்த அமின்களை அடக்கும் ஒரு நொதி வேலை நாயின் உடம்பில் கிடையாது என்பது பின்னால் தெரியவந்த விஷயம். ஹ்யூப்பருக்கு அது தெரியாது. ஆனால் நாய்களுக்குக் கட்டி வந்தது. 1938-இல் முடிவு வெளியானது. அதற்குள் அவருக்கு வேலை போயிருந்தது.

அவர் நினைவுக்குறிப்புகளில் சொல்லும் ஒரு சம்பவம் உண்டு. ஆலையைச் சுற்றிப் பார்க்கப் போகிறார். பீட்டா-நாப்தைலமின் கூடம் பளபளவென்று இருக்கிறது. ஆச்சரியப்பட்டு அங்கிருந்த மேற்பார்வையாளரிடம் பாராட்டிச் சொல்கிறார். அந்த ஆள் வெள்ளந்தியாக, நேற்று ராத்திரி நீங்கள் பார்த்திருக்க வேண்டும், நீங்கள் வருகிறீர்கள் என்று விடிய விடியக் கழுவினோம் என்கிறார். ஹ்யூப்பர் உடனே, திட்டத்தில் இல்லாத பென்சிடின் பகுதியைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுப் போகிறார். அங்கே சரக்கு ஏற்றும் மேடை, ஜன்னல் விளிம்பு, பாதை என எங்கும் வெள்ளைப் பொடி. இதை நிறுவனத் தலைமைக்கு எழுதினார். அதற்குப் பிறகு ஆலைக்குள் அவரை விடவில்லை.

நம்ம ஊரில் இன்ஸ்பெக்ஷன் வரும் நாளில் கம்பெனி எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்கு இந்தக் கதை புதிதில்லை.

ஹ்யூப்பரை முழு நாயகனாக்கவும் முடியாது. 1933-இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும், அந்த ஆட்சியைப் புகழ்ந்து கடிதம் எழுதி ஜெர்மனியில் வேலை தேடியவர் அவர். பிற்காலத்தில் எல்லாவற்றுக்கும் ஆலைதான் காரணம் என்று பிடிவாதமாக நின்று, சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுக்கும் உள்ள தொடர்பைக் குறைத்துப் பேசினார். ரேச்சல் கார்சன் தன் ‘மௌன வசந்தம்’ நூலில் அவரை நம்பி மேற்கோள் காட்டுகிறார். மூன்றும் ஒரே ஆள்தான்.

டூபாண்ட் பீட்டா-நாப்தைலமின் உற்பத்தியை நிறுத்தியது 1955-இல். பென்சிடின் அதற்குப் பிறகும் ஓடியது. அந்த ஒரே ஆலையில் சிறுநீர்ப்பைப் புற்று வந்தவர்கள் கடைசியில் நூற்றுக்கணக்கில் போனார்கள். நாய் சொன்னது போதவில்லை, ஜெனீவா அறிக்கை போதவில்லை, ஃபிராங்க்ஃபர்ட் போதவில்லை.

*

பிரிட்டனில் வேறு மாதிரி நடந்தது. நான் இதை எழுத உட்கார்ந்ததே இந்தப் பகுதிக்காகத்தான்.

இரண்டாம் உலகப்போர் முடிந்த பிறகு, பிரிட்டிஷ் ரசாயன உற்பத்தியாளர் சங்கமே பணம் கொடுத்து, லண்டன் செஸ்டர் பியாட்டி ஆய்வு நிறுவனத்தில் ராபர்ட் கேஸ் என்பவரிடம் இந்த வேலையை ஒப்படைத்தது. கேஸ் செய்தது எந்தக் கத்துக்குட்டி ப்ரோகிராமரும் செய்கிற காரியம்தான்: இரண்டு டேபிளை ஜாயின் செய்தார். ஒரு டேபிள், 1920-களிலிருந்து இந்தச் சாய ஆலைகளில் குறைந்தது ஆறு மாதமாவது வேலை பார்த்த ஒவ்வொருவரின் பெயர், சேர்ந்த தேதி, தொட்ட பொருள். இன்னொன்று, இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதும் சிறுநீர்ப்பைக் கட்டி என்று குறிப்பிட்ட இறப்புச் சான்றிதழ்கள். இரண்டிலும் இருக்கும் பெயர்கள் எத்தனை?

கேட்க எளிதாக இருக்கிறது. கம்ப்யூட்டர் கிடையாது. ஜான் ஸ்மித் என்று நூறு பேர் இருப்பான். பழைய சம்பள ஏடுகளில் கையெழுத்து புரியாது. அதைவிடச் சிக்கல், வந்த எண்ணை எதோடு ஒப்பிடுவது? 1930-இல் ஐம்பது வயது ஆணுக்கு இந்த நோயில் சாக என்ன வாய்ப்பு, 1945-இல் என்ன, என்று வயதுவாரியாக, ஆண்டுவாரியாகத் தேசம் முழுவதற்கும் ஓர் அட்டவணை வேண்டும். அதையும் உட்கார்ந்து தயாரித்தார்கள். கேஸ், அவரோடு மார்ஜரி ஹாஸ்கர், ட்ரெவர் மெக்டொனால்ட், ஜோன் பியர்சன். பல வருட உழைப்பு. 1954-இல் கட்டுரை வெளிவந்தது.

விடை: இந்தத் தொழிலாளர்கள் சிறுநீர்ப்பைக் கட்டியால் இறப்பது மற்றவர்களைப் போல சுமார் 30 மடங்கு. பீட்டா-நாப்தைலமின் தொட்டவர்களுக்கு அதைவிடப் பல மடங்கு. அந்தப் பொருளைக் காய்ச்சி வடிக்கும் வேலையில் இருந்த ஒரு சிறு குழுவில் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோருக்கும் வந்தது. ஒரு புற்றுநோய்க் காரணி ஒரு குழுவில் யாரையுமே விடாத கதை மருத்துவத்தில் மிகமிக அரிது. சிகரெட்டுக்குக் கூட அந்தப் பெருமை கிடையாது.

கணக்கைச் சரிபார்க்க, சாயத் தொழிலே இல்லாத ஓர் ஊரை எடுத்துப் பார்ப்போம் என்று கேஸ் பர்மிங்ஹாமைத் தேர்ந்தெடுத்தார். அங்கே இந்த நோய் சாதாரண அளவில் இருக்க வேண்டும். இல்லை. அங்கேயும் கூடுதலாக இருந்தது. யார் இவர்கள் என்று தொழிலைப் பார்த்தால் ரப்பர் ஆலைத் தொழிலாளிகள். டயர் ரப்பர் சீக்கிரம் வெடித்துப் போகாமல் இருக்க ஒரு பொருளைக் கலப்பார்கள், ஐசிஐ நிறுவனத்தின் தயாரிப்பு, நோனாக்ஸ் எஸ் என்று பெயர். அதற்குள் அசுத்தமாகக் கொஞ்சம் பீட்டா-நாப்தைலமின் ஒளிந்திருந்தது. ஒப்பீட்டுக்கு வைத்த ஊரே இன்னொரு குற்ற இடமாக இருந்துவிட்டது! டெஸ்ட் எழுதப் போய் இன்னொரு பிழை சிக்குவது போல. 1949-இல் நோனாக்ஸ் எஸ் திரும்பப் பெறப்பட்டது. பாதிக்கப்பட்ட டன்லப் தொழிலாளர்கள் டன்லப் மீதும் ஐசிஐ மீதும் போட்ட வழக்கில் வெல்ல 1970-கள் ஆனது.

சாய ஆலைத் தொழிலாளரின் சிறுநீர்ப்பைக் கட்டி 1953-இல் பிரிட்டனில் நஷ்ட ஈட்டுக்குரிய தொழில்நோய் ஆனது. 1967-இல் பீட்டா-நாப்தைலமின், பென்சிடின் தயாரிப்பும் பயன்பாடும் சட்டப்படி தடை செய்யப்பட்டன. ரேன் மேடை ஏறி 72 வருடங்கள்.

கேஸின் திறமையைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் முதல் டேபிளை ஆலைகள் கொடுத்ததால்தான் அவரால் முடிந்தது. கொடுக்காவிட்டால்?

*

கொடுக்காத ஊரின் கதை இத்தாலியில். தூரின் நகருக்குப் பக்கத்தில் சிரியே என்ற சிற்றூர். அங்கே இப்கா என்ற அனிலின் சாய ஆலை, 1922-இல் தொடங்கியது. அதில் வேலை பார்த்து நோய் வந்த இரண்டு தொழிலாளிகள், அல்பினோ ஸ்டெல்லா, பெனிட்டோ ஃபிரான்ஸா, 1960-களின் இறுதியில் தங்களோடு வேலை பார்த்துச் செத்தவர்களின் பெயர்களைத் தாங்களே எழுத ஆரம்பித்தார்கள். பழைய சகாக்களின் வீடுகளுக்குப் போனார்கள், விதவைகளைக் கேட்டார்கள், கல்லறைகளில் பெயர்களைப் பார்த்தார்கள். தொற்றுநோயியல் என்ற வார்த்தையே அவர்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். செய்தது கேஸ் செய்த அதே வேலை, ஆனால் இரண்டாவது டேபிளிலிருந்து தொடங்கி முதலாவதை நோக்கி. தொழிற்சங்கம் கைகொடுத்தது. 1977-இல் தூரின் நீதிமன்றம் ஆலையின் பொறுப்பாளர்களைத் தண்டித்தது. அந்த ஊரில் அந்தக் கட்டிடத்துக்கு இன்றும் ‘புற்றுநோய் ஆலை’ என்றே பெயர்.

பட்டியல் கிடைத்த பிறகும் ஒரு கேள்வி இருக்கிறது. சம்பந்தப்பட்டவரிடம் அதை யார் சொல்வது? அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் அகஸ்டா என்ற ஊரில் ஒரு ஆலை 1972 வரை பீட்டா-நாப்தைலமின் தயாரித்தது. அங்கே வேலை பார்த்த 1,385 பேரின் பட்டியலை அரசின் தொழில்நல ஆய்வு நிறுவனம் எடுத்தது. 1981-இல், ஒரு சோதனை முயற்சியாக, அவர்களுக்குத் தனித்தனியாகத் தகவல் சொல்லத் தொடங்கினார்கள்: நீங்கள் வேலை பார்த்த இடத்தில் இன்ன பொருள் இருந்தது, உங்களுக்கு இன்ன நோய் வர வாய்ப்பு அதிகம், வந்து பரிசோதித்துக்கொள்ளுங்கள். ஜெனீவா அறிக்கைக்கும் இந்தக் கடிதத்துக்கும் நடுவில் அறுபது வருடம். இப்படி எல்லா ஆபத்தான தொழில்களிலும் தொழிலாளிக்குத் தகவல் சொல்வதைக் கட்டாயமாக்க ஒரு மசோதா வந்தது. பிரதிநிதிகள் சபையில் தேறி, 1988-இல் செனட்டில் படுத்துவிட்டது. சொன்னால் வழக்குப் போடுவார்கள் என்பது எதிர்ப்பின் சாரம். சொல்லாவிட்டால் செத்துப்போவார்கள் என்பது அந்தப் பக்க வாதம்.

ஒரு நல்லது நடந்தது. அமெரிக்காவில் 1980-இலிருந்து, தொழிலாளி எந்த ரசாயனத்தை எவ்வளவு தொட்டார் என்ற பதிவை 30 வருடம் வைத்திருக்க வேண்டும் என்று விதி. பிரிட்டனில் இப்போது மருத்துவக் கண்காணிப்புப் பதிவை 40 வருடம் வைக்க வேண்டும். எனக்குத் தெரிந்த மென்பொருள் உலகில், இடம் அடைக்கிறது என்று பழைய பதிவுகளைச் சில வருடங்களில் துடைத்துவிடுவதுதான் வழக்கம். நாற்பது வருடம் என்று ஒரு சட்டம் சொல்கிறதென்றால், அந்த எண்ணுக்குப் பின்னால் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று யோசிக்கிறேன்.

*

பிரிட்டன் நிறுத்திய பென்சிடின் உலகத்தை விட்டுப் போகவில்லை. 1990-களில் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனமும் அகமதாபாத்தில் உள்ள நமது தேசியத் தொழில்நல நிறுவனமும் சேர்ந்து, அகமதாபாத்தில் பென்சிடின் தயாரிப்பவர்களையும் பென்சிடின் சாயத்தைக் கையாள்பவர்களையும் ஆராய்ந்தன. சிறுநீரோடு உதிர்ந்து வரும் செல்களின் டிஎன்ஏவில் பென்சிடின் ஒட்டியிருந்தது. தயாரித்தவர்களிடம் அதிகம். வெறும் சாயத்தைக் கையாண்டவர்களிடமும் இருந்தது. உடம்பு அந்தச் சாயத்தை உடைத்து உள்ளே இருக்கும் பென்சிடினை வெளியே எடுத்துவிடுகிறது. ஜப்பானில் கியோட்டோவின் கிமோனோ ஓவியர்கள் தூரிகை முனையை நாக்கால் கூராக்குவார்கள், அவர்களிடமும் இந்த நோய் அதிகம் என்று 1970-களிலேயே கண்டிருந்தார்கள்.

அதன் பிறகு நடந்ததில் திருப்பூர் வருகிறது. 1994-இல் ஜெர்மனி, இந்த வகை அமின்களை வெளிவிடும் அசோ சாயங்கள் உள்ள துணிகளுக்குத் தடை போட்டது. ரேனின் ஜெர்மனி. சரக்குத் திரும்பி வரும் என்றதும் இங்கே எல்லோரும் விழித்துக்கொண்டார்கள். இந்திய அரசு பென்சிடின் அடிப்படையிலான 42 சாயங்களோடு, 1997-இல் மேலும் 70 அசோ சாயங்களைத் தடை செய்தது. தொழிலாளிக்காக எழுபது வருடம் நகராத காரியம், ஐரோப்பிய வாடிக்கையாளரின் தோலுக்காக மூன்றே வருடத்தில் நகர்ந்தது. வந்தவரை லாபம், மறுக்கவில்லை.

இன்று திருப்பூரிலிருந்து கிளம்பும் டீ-ஷர்ட்டுக்கு அசோ பரிசோதனை உண்டு. துணியில் ஒரு துண்டு வெட்டி, ஹைட்ரோஸ் போட்டுச் சூடாக்கிச் சாயத்தை உடைத்து, உள்ளேயிருந்து 22 அமின்களில் ஏதாவது வெளிவருகிறதா என்று பார்க்கிறார்கள். ஐரோப்பாவில் ஒரு கிலோ துணிக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. பென்சிடினும் பீட்டா-நாப்தைலமினும் அந்த 22-இல் இருக்கின்றன. ஒவ்வொரு துணிக்கும் லாட் நம்பர் இருக்கிறது. எந்தச் சாயம், எந்த டிரம், எந்தத் தேதி என்று பின்னோக்கிப் போக முடியும்.

என் தாய்மாமா 1980-களின் கடைசியில் திருப்பூர் சாயப்பட்டறைகளில் ஆறேழு வருடம் இருந்தார். இப்போது அவினாசிப் பக்கம் தோட்டம் பார்க்கிறார். ஆரோக்கியமாகத்தான் இருக்கிறார், ஒன்றும் இல்லை. நொய்யல் பற்றி, விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனது பற்றி, 2011-இல் பட்டறைகளை மூடச் சொன்ன தீர்ப்பு பற்றி அவரோடு நிறையப் பேசியிருக்கிறேன். ஆற்றுக்கு என்ன ஆனது என்று ஊரே பேசும். பட்டறைக்குள் இருந்தவர்களைப் பற்றி நாங்கள் பேசியதில்லை. இந்தக் கட்டுரைக்காகப் போன மாதம் கேட்டேன்.

“மாமா, அப்ப உங்க பேரு கம்பெனி ரிஜிஸ்டர்ல இருந்துச்சுங்களா?”

“ரிஜிஸ்டரா? அதெங்க கண்ணு. மேஸ்திரி கையில ஒரு நோட்டு இருக்கும். சனிக்கெழம சம்பளம் குடுத்தா கோடு போட்டு அடிச்சிருவாப்ல. நோட்டுத் தீந்தா பொட்டணம் மடிக்கப் போயிரும்.”

“எந்தச் சாயம்னு தெரியுங்களா?”

“செவப்பு, மஞ்ச, கருப்பு. டப்பாவுல இங்கிலீசுல என்னமோ போட்டிருக்கும். தூளு பறக்கும், துண்டக் கட்டிக்குவோம். காரி துப்புனா அன்னைக்கு என்ன கலரோ அந்தக் கலர்ல வரும். அதச் சொல்லிச் சிரிப்போம்.”

கூட வேலை பார்த்தவர்களை நினைவிருக்கிறதா என்று கேட்டேன். யோசித்து யோசித்துச் சொன்னார், போனில் குறித்துக்கொண்டேன். பதினோரு பேர். நான்கு பேருக்கு மட்டும் முழுப்பெயர். மற்றவர்கள் ஒரு தேனிக்காரர், அவர் மச்சான், வின்ச் ஓட்டிய நெட்டை, ரெண்டு தஞ்சாவூர்ப் பையன்கள், இப்படி. ஒருவர் இறந்துவிட்டார் என்று கேள்விப்பட்டாராம். எதனால் என்று அவருக்குத் தெரியவில்லை. எந்த வருடம் என்று கேட்டேன். “உங்க அக்கா கல்யாணத்துக்கு முந்தியா பிந்தியான்னு உங்கத்தையக் கேட்டுச் சொல்றேன்” என்றார்.